முழங்கால் மாற்றிய பின்: மிச்ச வேலை வீட்டில்

எமது பெற்றோரில் பலர் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள், அல்லது அதற்காகக் காத்திருக்கிறார்கள். சத்திரசிகிச்சை பெரும்பாலும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோக மூடிகளைப் பொருத்தி, இடையில் பொலியெத்திலீன் தகடு ஒன்றை வைப்பார்கள். ஆனால் அந்த மூட்டை அசைக்கும் தசைகள் பழையவைதான். அவற்றைப் பழக்குவது அடுத்த சில மாதங்களின் வேலை.

என் அம்மாவின் விடயத்தில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்கிறேன். மறுநாளே வோக்கருடன் நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் "பாவம், நோகுது, படுக்கட்டும்" என்று விட்டுவிட்டோம். முழங்காலின் கீழ் தலையணையும் வைத்தோம். அவருக்கு அது சுகமாகத்தான் இருந்தது. ஆறாவது கிழமை அளந்து பார்த்தால் கால் 75 பாகைக்கு மேல் மடங்கவில்லை, நேராக நீளவும் இல்லை.

வெட்டிய இடத்தைச் சுற்றி உள்ளே தழும்புத் திசு வளரும். முதல் கிழமைகளில் அது இளக்கமானது, அசைத்தால் நீளும். விட்டால் இறுகிவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்து வைத்தியர் காலை மடக்கவேண்டி வரலாம். அதையும் பெரும்பாலும் 12 கிழமைக்குள் செய்யவே விரும்புவார்கள். சமதரையில் நடக்க ஏறக்குறைய 70 பாகை போதும். படி இறங்க, கதிரையில் இருந்து எழும்ப 90 பாகையாவது வேண்டும். நீட்டுவதும் அதேயளவு முக்கியம். நீளாத கால் நொண்டும். எனவே தலையணை வைப்பதானால் குதிக்காலின் கீழ் மட்டும்.

பிசியோதெரபிஸ்ட் தந்த ஆங்கிலத் தாளை மகள் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். பாதத்தை மேலும் கீழும் அசைத்தல் (இரத்தம் உறையாமலிருக்க), முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து வரை எண்ணுதல், குதிக்காலை இழுத்து மடக்குதல். கடைசிப் பயிற்சிக்குக் காலின் கீழ் ஒரு பொலித்தீன் பையை வைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். நாளுக்கு மூன்று தடவை. வலிக்குளிசையை அரை மணித்தியாலம் முன்பே கொடுத்தோம். முடிந்ததும் துவாயில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். பயிற்சியின் பின் சிறிது நேரத்தில் தணியும் நோவுக்குப் பயப்படத் தேவையில்லை. மறுநாள் வீக்கம் கூடினால் அளவைக் குறைத்துப் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

கூடப் போங்கள். நோ பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எங்கள் அம்மாமார் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி அவரும் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில். கெண்டைக்கால் வீங்கி நொந்தால், காய்ச்சல் வந்தால், காயத்தில் நீர் வடிந்தால் அன்றைக்கே வைத்தியருக்கு அறிவியுங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ உடனே அம்புலன்ஸை அழையுங்கள்.

அம்மாவுக்கு மயக்க மருந்து தேவைப்படவில்லை. நான்காம் மாதம் 105 பாகை. வீக்கம் முழுதாக வற்ற ஒரு வருடம் எடுத்தது. தரையில் இருப்பதை விட்டுவிட்டார். கோயிலில் கதிரை கேட்கத்தான் இன்னும் வெட்கம்.