அரிசியில் கல் பொறுக்கும் லேசர்

இந்த வார எபிசோடில் லேசரை வைத்து திசுவிலிருந்து செல் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் வேகமா பேசிட்டுப் போயிட்டோம். "அதான் பயாப்சி எடுக்கிறாங்களே, அப்புறம் லேசர் எதுக்கு?" என்று தோன்றியிருக்கும். இங்கே நிதானமாகப் பார்ப்போம்.

தெற்கு லண்டன்ல இருக்கிறவங்களுக்கு சட்டன் தெரிந்த ஊர்தான். அங்கே ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையும் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேன்சர் ரிசர்ச்சும் அடுத்தடுத்து இருக்கின்றன. புற்று எப்படிப் படிப்படியாக மாறி வளருது என்பதை ஆராய்வதற்கே அந்த நிறுவனத்தில் தனி மையம் உண்டு. அந்த மாதிரி ஆராய்ச்சியில் முதல் தலைவலி, சாம்பிள் கலப்படம். பயாப்சித் துண்டில் கேன்சர் செல் மட்டும் வராது. ரத்தக்குழாய், நார்த்திசு, எதிர்ப்புச் செல் எல்லாம் சேர்ந்தே வரும். அரிசியோடு கல்லையும் சேர்த்து அரைச்சிட்டு, கல் எங்கே கிடந்ததுன்னு தேட முடியாதில்லையா?

கணக்கு போட்டுப் பாருங்க. 100 செல்லில் 20 தான் கேன்சர். ஒவ்வொரு செல்லிலும் ஒரு ஜீனுக்கு இரண்டு பிரதி. கேன்சர் செல்லில் ஒரு பிரதியில் மட்டும் பிழை. ஆக 200 பிரதியில் 20, அதாவது 10%. கேன்சர் செல் நாலே நாலு என்றால் 2%. அந்த அளவில் அது நிஜமான பிழையா, மெஷினோட சத்தமான்னு பிரித்துச் சொல்வது கஷ்டம். பொறுக்கி எடுத்து 100-க்கு 80 கேன்சர் செல் ஆக்கினால் அதே பிழை 40% ஆகத் தெரியும்.

1996-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் எம்மர்ட்-பக், லான்ஸ் லியோட்டா குழுவினர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். மெல்லிசா சீவிய திசுமேல் ஒரு பிளாஸ்டிக் படலம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வேண்டிய இடத்தில் அகச்சிவப்பு லேசர் அடித்தால் படலம் இளகி அந்தச் செல்களோடு ஒட்டிக்கொள்ளும். தூக்கினால் கூடவே வந்துடும். இன்னொரு வகையில், புற ஊதா லேசர் செல்லைச் சுற்றிக் கத்திரி மாதிரி வெட்டும். வெட்டிய துண்டு சில மெஷின்களில் கீழே குழாய்க்குள் விழும். சிலவற்றில் லேசரே அதை மேலே உந்தி மூடியில் ஒட்டவைக்கும். (ரெண்டாவதைப் பார்க்க சர்க்கஸ் மாதிரி இருக்கும்!)

இதனால் என்ன கிடைத்தது? எனக்குப் பிடித்த உதாரணம் கேம்பிரிட்ஜ் பக்கத்து சாங்கர் இன்ஸ்டிடியூட்டில் நடந்தது, 2019-ல் வெளியானது. பெருங்குடல் சுவரில் கிரிப்ட் என்ற நுண்ணிய குழிகள் உண்டு. அவற்றை லேசரால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து டிஎன்ஏ படித்தார்கள். நடுத்தர வயசுக்காரங்களின் ஆரோக்கியமான குடலிலேயே சுமார் 1% குழிகளில் புற்றைத் தூண்டக்கூடிய மாற்றம் ஏற்கெனவே இருந்தது. மொத்தமா அரைச்சிருந்தா இது கண்ணுக்கே பட்டிருக்காது.

குறையும் உண்டு. வேலை மெதுவாகத்தான் நடக்கும், எந்தச் செல் என்று முடிவு செய்யப் பழகிய கண் வேணும், ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். அதனால மருத்துவமனையின் வழக்கமான ஜீன் டெஸ்டுக்குப் பெரும்பாலும் லேசர் வராது. பேத்தாலஜிஸ்ட் கண்ணாடித் தகட்டில் பேனாவால் வட்டம் போடுவார். அந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டி எடுப்பாங்க. வீட்டில் யாருக்காவது ஜீன் ரிப்போர்ட்டில் "மாற்றம் இல்லை" என்று வந்தால், "சாம்பிளில் கேன்சர் செல் எத்தனை சதவீதம் இருந்தது?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்க.