பங்கசு நோய்களைத் தடுக்கும் மண் பற்றீரியாக்கள்

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் மிளகாய் நாற்றுமேடை மழைக்குப் பின் ஓரிரு நாளில் திட்டுத் திட்டாகச் சாய்ந்துவிடுவதைக் கமக்காரர் நன்கறிவர். இந்நாற்றழுகலும், வெங்காயத்தின் அடியழுகலும், காலபோக நெல்லைத் தாக்கும் எரிபந்தமும் பங்கசுகளாலும் அவற்றை ஒத்த நுண்ணுயிர்களாலும் உண்டாவன. இவற்றுக்கு இரசாயன மருந்திடுதல் வழக்கம். ஆயினும் குடாநாட்டில் மண்ணின் ஆழம் குறைவு. அதன்கீழ் இருப்பது வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். மண்ணில் ஊற்றப்படுவதில் ஒரு பகுதி கிணற்றைச் சேரக்கூடும். அக்கிணறே பல வீடுகளுக்குக் குடிநீர் தருவது. ஆதலின் மண்ணில் இயல்பாக வாழும் பற்றீரியாக்களின் துணையை நாடுதல் இப்பகுதிக்கு மிகவும் பொருத்தமாகும்.

சூடோமோனாசு, பசிலசு, ஸ்திரெப்தோமைசிசு ஆகிய இனங்களுட் சில, பங்கசின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. யப்பானில் நாரா நகரிலுள்ள கசுகா ஆலயத்து மண்ணிற் கிடைத்த ஸ்திரெப்தோமைசிசு ஒன்றிலிருந்து, எரிபந்தத்தைத் தடுக்கும் கசுகாமைசின் 1965ஆம் ஆண்டளவிற் பெறப்பட்டது. அதனையே தொடர்ந்து விசிறிய வயல்களில், 1970களின் தொடக்கத்தில், அதற்கு அடங்காத எரிபந்தப் பங்கசு தோன்றிற்று. மண்ணிலிருந்து வந்த மருந்தாயினும் ஒன்றையே நம்பியிருத்தல் தகாது என்பதற்கு இது சான்று.

இத்தகைய பற்றீரியாவைத் தேடுவோர், நோயுற்ற பாத்தியில் நோயின்றி நிற்கும் செடியின் வேர்மண்ணை எடுப்பர். அதில் ஒரு கிராமைக் கொதித்தாறிய நீரிற் கலக்கி, பத்து மடங்கு பத்து மடங்காகப் பலமுறை ஐதாக்கி, அகர்க் கூழின்மேற் பரப்புவர். தோன்றும் பற்றீரியாக் கூட்டங்கள் தனித்தனியே பிரிக்கப்படும். பின்னர் வேறொரு கிண்ணத்தின் நடுவில் நோய்ப் பங்கசும் ஓரத்திற் பற்றீரியாவும் வைக்கப்படும். பங்கசு பற்றீரியாவை அணுகாது இடைவெளி விட்டு நிற்குமாயின் தடுப்பு ஆற்றல் உண்டெனக் கொள்ளலாம். பற்றீரியா வைக்காத கிண்ணத்தில் பங்கசு 80 மில்லிமீற்றரும், வைத்ததில் 32 மில்லிமீற்றரும் பரவினால், தடுப்பு நூற்றுக்கு 60 ஆகும்.

அத்தடுப்பு சுரந்த பொருளாலா, இடத்துக்கும் உணவுக்குமான போட்டியாலா என்பது அடுத்த வினா. இதற்குப் பற்றீரியாவைப் போசணைத் திரவத்தில் இரண்டு மூன்று நாள் குலுக்கி வளர்த்து, அதன் உயிரணுக்களை நுண்வடியால் நீக்குவர். எஞ்சிய தெளிந்த திரவமும் பங்கசைத் தடுக்குமாயின் பொருள் திரவத்தில் உள்ளது. ஈதைல் அசற்றேற்று போன்ற கரைப்பானால் அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் சோதிப்பர். கரைப்பானும் பங்கசைக் கொல்லக்கூடுமாதலால், கரைப்பான் மட்டும் இட்ட கிண்ணமொன்றும் அருகே இருத்தல் அவசியம்.

கிண்ணத்தில் வென்ற பற்றீரியா பல வேளைகளில் தோட்டத்தில் தோற்கும். வெயிலும் வறட்சியும் அதனை அழிக்கும். பிற நுண்ணுயிர்கள் அதற்கு இடங்கொடா. எனவே இறுதிச் சோதனை நாற்றுமேடையிலேயே நடைபெறல் வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சூடோமோனாசைத் தல்குத் தூளிற் கலந்து, விதை ஒரு கிலோவுக்கு 10 கிராம் வீதம் பூசப் பரிந்துரைக்கின்றது. இத்தகைய தூளைப் பெறுவோர் முழு மேடைக்கும் உடனே இடாது, ஒரே விதையில் 200 எண்ணிப் பூசியும், 200 எண்ணிப் பூசாதும், ஒரே மேடையில் அடுத்தடுத்து இடுக. நீர், எரு, நிழல் யாவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இவ்வாறு மூன்றிடங்களிற் செய்து, மூன்றாம் வாரத்தில் நிற்கும் நாற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்க. மூன்றிடத்திலும் பூசிய பக்கம் மேம்பட்டாலன்றித் தூளுக்குக் காசு செலவிடுதல் வீண்.

தூள் உயிருள்ளது. வெயிலில் வைத்ததும், காலங்கடந்ததும் வெறும் தல்கே. போடோக் கலவை முதலிய செம்பு மருந்துகள் பற்றீரியாவையும் தாக்குமாதலின் இரண்டையும் ஒன்றாகக் கலத்தலாகாது. கடைகளில் இதனுடன் விற்கப்படும் திரைக்கோடேர்மா பற்றீரியாவன்று. அதுவும் ஒரு பங்கசே. வாங்குமுன் உறையிலுள்ள பெயரையும் திகதியையும் வாசித்தறிக.