தாய் எது?

உப்புநீரில் நெல் முளைக்கவைத்துக் கட்டுரை எழுதியிருக்கும் ஹட்டன் தோட்டத்து இளம் ஆய்வாளருக்கு,

கட்டுரையின் முதல் அட்டவணையில், உப்பைத் தாங்கும் பொக்காளி நெல்லையும் உப்புக்குத் தளரும் வேறொரு நெல்லையும் கலந்து பெற்ற விதைகளின் முளைப்பு வீதம் இருக்கிறது. தாயாக நின்றது எது, மகரந்தம் தந்தது எது என்பது ஓரிடத்திலும் இல்லை. நெல்மணியின் உமியும் வித்துறையும் முழுக்கத் தாயின் இழையங்கள். அரிசியாக உண்ணப்படும் வித்தகவிழையத்தில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. செடியாக வளரும் முளையத்தில் மட்டுமே இருவரும் சமம். ஆகவே உப்பில் முளைத்த விதையின் வலிமை அதன் முளையத்துக்கு உரியதா, தாய் போர்த்திய உமிக்கும் ஊட்டிய உணவுக்கும் உரியதா என்று பிரித்தறிய, பெற்றோரை இடம்மாற்றிச் செய்யும் மறுதலைக் கலப்பு இன்றியமையாதது.

மலைநாட்டில் பிறந்தவர் இதைத் தவறவிட்டதே பெரிதும் வருத்துகிறது. தாய்ச்செடியின் தண்டைத் துண்டாக்கி நடும் வீ.பீ. தேயிலை பரவுவதற்கு முன், தவறணை எனப்படும் நாற்றுமேடைகளில் வேலைசெய்த பெண்கள் தேயிலைக் கொட்டைகளைத் தண்ணீரில் கொட்டி, மிதந்தவற்றை ஒதுக்கி, அமிழ்ந்தவற்றை ஈரமணலில் பரப்பி, ஓடு வெடிக்கிறதா என்று நாள்தோறும் கிளறிப் பார்ப்பார்கள். தேயிலை அயல்மகரந்தத்தால் காய்ப்பதால் தந்தை எந்தச் செடி என்பதை அவர்கள் அறிய வழியில்லை. எந்த விதைமரத்தடியில் பொறுக்கிய கொட்டை என்பதை மட்டும் மறக்கமாட்டார்கள். எழுத்தறியாத அப்பெண்கள் நினைவில் வைத்திருந்ததை, பட்டம் பெற்ற பேத்தி குறிப்பேட்டில் எழுதாமல் விட்டிருக்கிறார்.

முளைப்பில் தேறிய விதைகளையெல்லாம் ‘உவர்தாங்கும் நெல்’ என்று தலைப்பிட்டதும் ஏற்கத்தக்கதன்று. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கி, நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் துவண்டுவிடும் பயிர். பொக்காளியின் முதலாம் நிறமூர்த்தத்தில், அதாவது பரம்பரையலகுகளைச் சுமக்கும் இழைகளுள் ஒன்றில், அமைந்த ‘சால்டோல்’ பகுதி பெயர்பெற்றதும் நாற்றுப் பருவத்துக்காகவே. வேர்வழி ஏறும் சோடியம் இலைகளில் மிகாமல் காப்பதற்கு அது உதவுகிறது. அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பொக்காளி வழியே உருவான ஏ.டி. 354 உவர்நிலத்து நெல் எனப்படுவது, தட்டில் முளைத்ததற்காக அன்று, வயலில் நின்றதற்காக.

எனினும் நான்காம் அட்டவணைக்கு ஈடான ஒன்றை இத்துறை மாணவர் கட்டுரைகளில் காண்பது அரிது. உப்பில் முளைக்காத விதைகளை எறிந்துவிடாமல், நன்னீரில் அலசி மறுபடி ஈரத்தாளில் வைத்து, முளைவேர் நீட்டியவற்றைக் காலைதோறும் எண்ணியிருக்கிறார் ஆய்வாளர். நீர் உறிஞ்ச இயலாமல் உறங்கிய விதையையும் உப்பின் நஞ்சால் மாண்ட விதையையும் அந்த எண்ணிக்கை பிரித்துக்காட்டிவிட்டது. பெற்றோரை இடம்மாற்றி அடுத்த போகத்தில் கலப்புச் செய்யும்போது, அதே எண்ணிக்கையை அதே பொறுமையோடு எடுப்பாராக.