ஊற்று எந்தப் பாறையிலிருந்து வருகிறது?



குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வறண்ட நடுப்பகுதியிலே டூங்மபுல்லா என்னும் ஊற்றுத்தொகுதி உண்டு. மழை பொய்த்த காலத்திலும் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் நீர் தானாகவே மேலெழுந்து கசிகிறது. வாங்கன், ஜகலிங்கு பூர்வீக மக்களுக்கு அது புனித இடம். அந்த ஈரத்தையே நம்பி வாழும் அரிய செடிகளும் அங்குள்ளன. அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில் காமைக்கல் நிலக்கரிச் சுரங்கம் அமைந்துள்ளது. 2021 இறுதியில் அதன் முதல் நிலக்கரி ஏற்றுமதிக்குச் சென்றது.

குழி தோண்டினால் அதில் ஊறும் நீரை இடைவிடாது இறைக்க வேண்டும். அவ்வாறு இறைப்பது ஊற்றைப் பாதிக்குமா? இதனை எவ்வாறு அறிவது?

உயரத்தில் உள்ள தொட்டியில் ஒரு றப்பர்க் குழாயைப் பொருத்தி, அதன் நுனியைத் தரையில் வைத்தால் நீர் பீறிடும். நுனியைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கினால் நின்றுவிடும். ஆர்ட்டீசியன் ஊற்றும் இத்தகையதே. பாறைக்குள் அடைபட்ட நீரின் அழுத்தமே அதனை மேலே தள்ளுகிறது. பெற்றோர்களில் சிலருக்கு நெய்வேலி நினைவுக்கு வரலாம். அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இத்தகைய அழுத்த நீர் இருப்பதால், அதனை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பின்னரே கரியை வெட்ட முடிகிறது.

டூங்மபுல்லாவில் நிலத்தின் அடியில் மூன்று பாறைப் படைகளைக் கருத வேண்டும். மேலே கிளெமாற்றிஸ் மணற்கல். நடுவே நீரை எளிதில் கசியவிடாத றேவான் களிப்பாறை. அதற்கும் கீழே நிலக்கரியும் அதனோடு சேர்ந்த மணற்கற்களும். ஊற்றுநீர் மேற்படையிலிருந்து மட்டும் வருமாயின், நடுப்படை அதற்குக் கவசமாக நிற்கும். கீழ்ப்படையிலிருந்தும் வருமாயின், அல்லது களிப்பாறையில் வெடிப்புகள் இருக்குமாயின், சுரங்கத்தில் இறைக்கும் நீர் ஊற்றின் அழுத்தத்தையே குறைக்கும். வழக்கின் உயிர்நாடி இதுதான்.

விடை காண, ஒவ்வொரு படைக்கும் தனித்தனியே ஆழ்துளைக் கிணறுகள் இட்டு நீர்மட்டத்தை அளப்பர். ஊற்றுநீரின் உப்புகளை ஒவ்வொரு படையின் நீரோடும் ஒப்பிடுவர். காபன்-14 கொண்டு நீரின் வயதைக் கணிப்பர். இரு படைகளின் நீரும் கலந்திருந்தால், இவ்வடையாளங்கள் இரண்டுக்கும் இடைப்பட்டுத் தோன்றும். அப்போது தீர்ப்புக் கூறுவது கடினம். தோண்டுவதற்கு முன்னரே பல ஆண்டுகள் அளந்திருக்க வேண்டும். இல்லையேல், மட்டம் தாழ்ந்தது வறட்சியாலா சுரங்கத்தாலா என்று பிரித்தறிய இயலாது.

அரசு விதித்த எல்லை, ஊற்றிடத்தில் நீர்மட்டம் 20 சென்றிமீற்றருக்கு மேல் தாழக்கூடாது என்பதாகும். ஒரு சாண் அளவுதான்! ஆனால் மெல்லக் கசியும் ஊற்றுக்கு அதுவே பெரிது. 2019இல் சுரங்கத்தின் நீர்த்திட்டத்தை ஆராய்ந்த அரச அறிவியல் நிறுவனங்கள், அதன் கணிப்பு மாதிரியில் குறைபாடுகளைக் கண்டன. எனினும் அவ்வாண்டிலேயே திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது; ஊற்றின் மூலப்படையை மேலும் ஆராய வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. மூலத்தை முதலில் அறிந்து, பிறகு தோண்டுவதே முறையென்பது என் எண்ணம்.

ஏனெனில், அழுத்தக் குறைவு பாறையினூடே மெதுவாகவே பரவும். இன்று இறைப்பதன் விளைவு ஊற்றை அடையப் பல ஆண்டுகள் செல்லலாம். சுரங்கம் மூடிய பின்னரும் அது வளரக்கூடும். ஆகவே ஊற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருத்தல் போதாது. சுரங்கத்துக்கும் ஊற்றுக்கும் இடையிலுள்ள கிணறுகளில்தான் முதல் அறிகுறி தென்படும்.