சீனியர் நடத்தும் கம்பைன்ட் ஸ்டடி: பாடம் எடுக்காமல் படிக்க வைப்பது எப்படி?

பொறியியல் கல்லூரி விடுதிகளில் தேர்வு நெருங்கினாலே கம்பைன்ட் ஸ்டடி களைகட்டிவிடும். ஒருவர் விளக்குவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தேர்வறையில் பேனா ஓடாது. மிசௌரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் 1973-இல் தொடங்கிய முறையிலும் அமர்வை நடத்துபவர் அந்தப் பாடத்தில் தேறிய சீனியர்தான். ஆனால் அவர் பாடம் எடுப்பதில்லை. அதை நம் முதலாண்டுக் கணிதத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

1. அரியர் அதிகம் விழும் பாடத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் படிக்கும் எல்லோரையும் அழையுங்கள். ‘வீக் ஸ்டூடன்ட்ஸுக்கு’ என்று அறிவித்தால் கூச்சப்பட்டு ஒருவரும் வரமாட்டார்கள்.

2. செமஸ்டரின் இரண்டாம் வாரமே தொடங்குங்கள். வாரம் இரு முறை, ஒரு மணி நேரம் போதும். ஆட்கள் கூடினால் நான்கு நான்கு பேராகப் பிரித்து உட்கார வையுங்கள்.

3. முடிந்தால் அந்த வகுப்பில் நீங்களும் மறுபடி உட்காருங்கள். முடியாவிட்டால் ஜூனியரின் நோட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குச் சொல்லித்தந்த வழியும் அவர்களுக்குச் சொல்லித்தரும் வழியும் வேறாக இருக்கலாம்.

4. முதல் 10 நிமிடம் நோட்டை மூடச் சொல்லுங்கள். அந்த வாரம் நடந்த பாடத்தை நினைவிலிருந்து எழுதட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

5. அடுத்த 35 நிமிடம் மார்க்கர் ஜூனியர் கையில். “அண்ணா, அடுத்த ஸ்டெப் என்ன?” என்றால், “எது வரைக்கும் புரிஞ்சுது, சொல்லு” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். விடையையும் அவர்களே சரிபார்க்கட்டும். ஐகன் வேல்யூக்களைக் கூட்டினால் மேட்ரிக்ஸின் மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகையும், பெருக்கினால் டிடர்மினன்ட்டும் வரவேண்டும். வரவில்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது; தேடட்டும்.

6. கடைசி 15 நிமிடம் வினாத்தாள் தயாரிப்பு. அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷன் 2021 தாளில் 2 மார்க் வினாக்கள் 10, 13 மார்க் வினாக்கள் 5, 15 மார்க் வினா 1. ஆளுக்கொரு 2 மார்க் கேள்வி எழுதி, மாற்றிக்கொண்டு விடை எழுதட்டும்.

அசைன்மென்ட்டை மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். யாருக்கும் விளங்காத கணக்கைக் குறித்துவைத்து ஆசிரியரிடம் கேளுங்கள்.

அமர்வு முடிந்ததும் பலகையைப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் உங்கள் கையெழுத்து என்றால், அன்று படித்தது நீங்கள்தான்.