ஊரில் வீடு மனை வாங்குவோர் கவனத்திற்கு: வில்லங்கம் பார்ப்பதும் பத்திரம் பதிவதும்



இந்நாட்டில் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்களில் பலர், கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் நினைப்பது ஊரில் ஒரு வீடோ மனையோ வாங்குவதைத்தான். பணம் அனுப்புகிறவர் இங்கே இருக்கிறார்; சொத்து அங்கே இருக்கிறது; பத்திரத்தைப் பார்க்கிறவர் மூன்றாவது ஆள். இந்தத் தூரத்தில்தான் வம்பு நுழைகிறது. ஆகவே, ரிஜிஸ்தர் ஆபீசு என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை நம்மவர் அறிந்துகொள்வது அவசியம்.

பேரேடும் சிட்டையும்

மலேசியாவில் நிலம் வாங்குகிறவர் நில அலுவலகத்தில் பணம் கட்டி ஒரு 'சாரியான்' எடுக்கிறார். நிலம் யார் பெயரில் இருக்கிறது, கடனுக்கு ஈடாக இருக்கிறதா, தடை மனு ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். 1966 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த தேசிய நிலச் சட்டம், தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-ல் தொடங்கிய டோரன்ஸ் முறையைத் தழுவியது. மோசடி, கள்ளக் கையெழுத்து போன்ற விலக்குகள் நீங்கலாக, பதிவேட்டில் பெயர் ஏறியவரே உடையவர். சிங்கப்பூரிலும் இம்முறையே.

இந்தப் பழக்கத்தில் ஊறிய நம்மவர், ஊரிலும் ரிஜிஸ்தர் புத்தகம் உடையவர் யார் என்று சொல்லிவிடும் என எண்ணுகிறார்கள். அங்கே அப்படியில்லை. 1909 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அங்கே பதிவாவது பத்திரம்; உரிமை அன்று. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலையல்ல என்று, தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடைக்காரர் பாஷையில் சொன்னால், மலேசிய நில அலுவலகத்தில் இருப்பது பேரேடு. இன்றைய பாக்கி என்ன என்று அது காட்டும். தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகத்தில் இருப்பது சிட்டை. எந்தத் தேதியில் என்ன காகிதம் வந்தது என்று மட்டும் அது காட்டும். பாக்கியை நாம்தான் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

வில்லங்கச் சான்று

அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதலாம் புத்தகத்தை எவரும் கட்டணம் கட்டிப் பார்வையிடவும் நகல் வாங்கவும் சட்டத்தின் 57-வது பிரிவு இடமளிக்கிறது. அப்புத்தகத்தைத் தேடி அலுவலகம் எழுதித் தருவதே வில்லங்கச் சான்று. பதிவுகள் இருந்தால் 15-ம் நமூனாவிலும், இல்லையெனில் 16-ம் நமூனாவிலும் தருவார்கள். அண்மைக் காலப் பதிவுகளைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இங்கிருந்தபடியே பார்க்கலாம். பழைய காலத்திற்கு அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

தேடும்போது மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குத் தேட வேண்டும். இரண்டாவது, சர்வே எண் சரியாக இருக்க வேண்டும். நிலம் பிரிக்கப்பட்டு உட்பிரிவு எண் ஏற்பட்டிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேட வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் 'வில்லங்கம் இல்லை' என்றுதான் பதில் வரும். அதை நம்பிப் பணம் அனுப்பியவர் கதி என்ன? மூன்றாவது, சான்றில் கண்ட ஒவ்வொரு பத்திரத்தின் நகலையும் வாங்கி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சங்கிலி அறாமல் சொத்து வந்திருக்கிறதா என்று படிக்க வேண்டும்.

புத்தகத்தில் ஏறாதவை

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தும் சொத்தில் வில்லங்கம் இருக்கக்கூடும். நம் சமூகத்தார் வீடுகளில் இது அதிகம். காரணங்கள் வருமாறு:

ஒருவர் மௌத்தான அக்கணமே அவர் சொத்தில் வாரிசுகளுக்கு ஹக்கு ஏற்பட்டுவிடுகிறது. அதற்குப் பத்திரம் தேவையில்லை. ஆகவே புத்தகத்தில் அது தெரியாது. பெற்றோர் முன்பே காலமாகிவிட்ட ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு பெண் மக்களையும் விட்டு மௌத்தானார் என்று வைத்துக்கொள்வோம். சொத்தை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, பெண் மக்களுக்கு ஆளுக்கு 7. புத்தகத்தில் இன்னமும் வாப்பா பெயர்தான் இருக்கும். மகன் மட்டும் கையெழுத்திட்டு முழு வீட்டையும் விற்றால், வாங்கியவருக்குச் சேர்வது 14 பங்குதான். முழு விலையையும் கொடுத்தவர் மீதி 18 பங்கிற்கு உம்மாவிடமும் லாத்தாமாரிடமும் போய் நிற்க வேண்டும். அவர்களும் ஹக்கை இழந்து வருந்துவார்கள். நாமும் அறியாமல் அதற்குத் துணை போனவர்களாவோம்.

அடுத்தது ஹிபா. கொடுக்கிறேன் என்று சொல்லுதல், பெறுகிறவர் ஏற்றுக்கொள்ளுதல், சொத்தை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் வாய்மொழியாகவே அது செல்லும். எழுதி வைத்த ஹிபாவையும் பதிய வேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் கூறியது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண் மக்களுக்குக் கல்யாணத்தின்போது வீடு கொடுப்பது வழக்கம். அங்கே புத்தகம் ஒரு பெயரைச் சொல்லும். ஊர் வேறு பெயரைச் சொல்லும்.

வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால் மேலும் எச்சரிக்கை வேண்டும். பிள்ளைகளின் அசையாச் சொத்தை விற்கத் தாய்க்கோ பெரிய காக்காவுக்கோ மாமாவுக்கோ நம் சட்டப்படி தானாக அதிகாரமில்லை. 1918-ல் லண்டன் பிரிவி கௌன்சில் இதைத் தெளிவாகத் தீர்த்துவிட்டது. நீதிமன்ற அனுமதி பெற்றே வாங்க வேண்டும்.

ஆகவே தாசில்தார் தரும் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். ஜமாஅத்திலும் அண்டை வீட்டாரிடமும் விசாரியுங்கள். பெண் வாரிசுகள் அனைவரும் பத்திரத்தில் கையெழுத்திடும்படி செய்யுங்கள். வீட்டில் குடியிருப்பவர் யார், எந்த உரிமையில் இருக்கிறார் என்று ஒருவரை நேரில் அனுப்பிக் கேளுங்கள். மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். அது எங்கோ கடனுக்கு ஈடாக இருந்தால் விற்பவரால் காட்ட முடியாது.

பதிவதில் தாமதம் கூடாது

நூறு ரூபாய்க்குக் குறையாத அசையாச் சொத்தின் கிரயம் பதிவுப் பத்திரத்தால் மட்டுமே செல்லும். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பதிவான பத்திரம் பதிந்த நாளிலிருந்தன்றி, எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்தே செல்லும் என்பது 47-வது பிரிவு. விற்பவர் போன மாதமே வேறொருவருக்குக் கையெழுத்திட்டிருந்து அது இன்னும் பதிவுக்குப் போகாமல் இருந்தால், இன்றைய வில்லங்கச் சான்றில் அது தெரியாது. பின்னர் அது பதிவாகும்போது நம் பத்திரத்திற்கு முந்தியதாகிவிடும். அசல் பத்திரத்தையும் சொத்தின் அனுபவத்தையும் பார்க்கச் சொல்வது இதனாலும்தான்.

பயணம் போக முடியாதவர்கள் இங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் அல்லது நோட்டரி முன்னிலையில் பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இந்தியா சேர்ந்த மூன்று மாதத்திற்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் கொடுத்தவர் மௌத்தானால் அந்தப் பவர் பொதுவாக அத்துடன் முடிந்துவிடும். பவர் பத்திரத்தையே கிரயமாக எண்ணிச் சொத்து வாங்குவது செல்லாது என்றும் 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

குடியுரிமையையும் மறக்க வேண்டாம். இந்தியக் குடியுரிமையோடு இங்கே வசிப்பவரும், ஓ.சி.ஐ. அட்டை பெற்றவரும் வீடு, கடை வாங்கலாம். நஞ்சை, புஞ்சை, தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க அவர்களுக்குப் பொது அனுமதியில்லை. அட்டையில்லாத மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் வாங்குவதற்கு முன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பத்திரம் பதிந்ததும் வேலை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. பட்டாவைப் பெயர் மாற்றி, வீட்டு வரியையும் மின்சார இணைப்பையும் உங்கள் பெயருக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மீண்டும் ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, உங்கள் பத்திரம் அதில் ஏறியிருப்பதைப் பார்த்து, நகலை இங்கே பெட்டியில் வையுங்கள். வெளியூரில் இருக்கும் உடையவர் ஆண்டுக்கு ஒருமுறை இணையதளத்தில் தம் சர்வே எண்ணைத் தேடிப் பார்ப்பதும் நல்லது. வேறு எவரும் அதில் கை வைத்திருந்தால் காலத்தோடு தெரிந்துவிடும்.

கடையில் சரக்கு வாங்கும்போது மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் எடை போடுகிற வியாபாரி நம்மில் எவருமில்லை. ஆயுள் சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்கும் வீட்டிற்கும் அந்த நிதானம் வேண்டும்.