மழை இல்லாத மாதத்திலும் பீலியில் தண்ணீர் எப்படி?



நான் பிறந்த இணுவிலில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும். கிணற்றில் அள்ளித்தான் குடிப்போம். அதனால் இந்த மலைக்கு வந்த புதிதில், பெப்ரவரி வெயிலிலும் பீலியில் தண்ணீர் கொட்டுவது எனக்கு அதிசயமாக இருந்தது.

பெய்த மழை எல்லாம் ஓடிப்போவதில்லை. ஒரு பங்கு மண்ணிலும் உக்கிய கல்லிலும் பாறை வெடிப்பிலும் இறங்கி, மெதுவாக நகர்ந்து, சரிவின் கீழே ஊற்றாக வருகிறது. வறட்சியில் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் இந்த நிலத்தடி நீர்தான்.

2014 டிசம்பரில் உமா ஓயா திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பக்கம் குடைந்த சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. சுரங்கம் எங்கேயோ ஆழத்தில், கிணறு மேலே. ஆனாலும் தண்ணீர் ஒன்றுதானே!

நம்ம லயத்துக்கும் அதே கணக்கு. பீலிக்கு மேலே உள்ள காட்டை விறகுக்கு வெட்டினால், மழை உள்ளே இறங்காமல் கானில் ஓடிவிடும். மேலே கக்கூஸ் குழி வெட்டினால் அந்த அழுக்கும் பீலிக்கே வரலாம். மண் வடிகட்டிடும் என்கிறார்கள் சிலர். மண் கொஞ்சம் வடிகட்டும், பாறை வெடிப்பு வடிகட்டாது. புதுக் குழி வெட்டுமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க, சேர்ந்து இடம் பார்ப்போம். குடிக்கிற தண்ணியை எப்பவும் கொதிக்க வச்சே குடியுங்க.